உப்புக்காற்றில் ஒரு பழைய கார்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று ஒவ்வொன்றாகக் கடந்து வேலணைக்கு வந்து, ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் சரவணை. தீவில் எந்தத் திசையில் நடந்தாலும் கடல் தூரமில்லை. இங்கே ஒரு வளவை மனத்தில் வையுங்கள். பூட்டிய கல்வீடு, வடலி மண்டிய பின்வளவு, முற்றத்தில் ஒரு பூவரசு, அதன் கீழே நீலத் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு கார். வீட்டுக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறார். காருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று, புறப்படுவதற்கு முதல் நாள் அவரே பார்த்துப் பார்த்துக் கட்டிய தார்ப்பாய் அது.

இந்த வளவு நான் கற்பனை செய்தது. ஆனால் இதுபோல ஒன்றைக் கண்டதே இல்லை என்று தீவகத்தார் யாரும் சொல்லமாட்டார்கள். இந்த அத்தியாயத்தின் கேள்வியும் இந்த வளவில்தான் இருக்கிறது: அந்தத் தார்ப்பாய் காரைக் காப்பாற்றியதா, கொன்றதா?

பழைய கார் என்றதும் பலருக்கு மகாராஜாக்களின் றோல்ஸ் றொய்ஸ்தான் கண்ணில் வரும். 1934இல் இங்கிலாந்தில் தொடங்கிய விண்டேஜ் கார்ச் சங்கம் வகுத்த கணக்கில் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவைதான் 'விண்டேஜ்'. அதற்குப் பிறகு இரண்டாம் உலகப்போர் வரை வந்த நல்ல கார்களுக்கு வேறொரு வகுப்பு உண்டு. நம் முற்றத்துக் கார் பெரும்பாலும் போருக்குப் பிந்திய ஒஸ்ரின் ஏ-40 ஆகவோ மொறிஸ் மைனராகவோ இருக்கும். விலையில் றோல்ஸ் றொய்ஸுக்கும் இவற்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் இரும்பு கறள் பிடிக்கும்போது முன்னால் யாருடைய சின்னம் பதித்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. றோல்ஸ் றொய்ஸைத் திருத்துகிறவரும் மொறிஸ் மைனரைத் திருத்துகிறவரும் ஒரே இரசாயனத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஒரு துளி உப்புத்தண்ணீர்

தமிழகத்தார் துரு என்பதை நாங்கள் கறள் என்போம். காற்றும் தண்ணீரும் சேர்ந்தால் இரும்பு கறள் பிடிக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தப் பாடத்தில் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று, கறள் பிடிப்பது ஒரு மின்வேலை என்பது.

சாதாரண தர விஞ்ஞான வகுப்பில் செய்த பரிசோதனை ஞாபகமிருக்கலாம். ஏகார் களிக்குள் பினோத்தலினும் பொற்றாசியம் பெரிசயனைட்டும் கலந்து, அதற்குள் ஓர் இரும்பாணியை வைப்பார்கள். சில மணி நேரத்தில் ஆணியின் தலையும் நுனியும் நீலமாகும், நடு இளஞ்சிவப்பாகும். நீலம் தோன்றிய இடத்தில் இரும்பு அயனாகக் கரைந்து வெளியேறுகிறது. சிவப்புத் தோன்றிய இடத்தில், இரும்பு விட்டுச்சென்ற இலத்திரன்களை வாங்கி ஒட்சிசன் தண்ணீரோடு சேர்ந்து ஐதரொட்சைட்டாகிறது. ஒரே ஆணிக்குள் ஒரு சின்ன பற்றறி.

கேம்பிறிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி 1920களில் இதையே இன்னும் எளிமையாகக் காட்டினார். துடைத்து மினுக்கிய இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புத்தண்ணீர், அதற்குள் அதே நிறங்காட்டிகள். சற்று நேரத்தில் துளியின் விளிம்பு சிவந்தது, நடு நீலமானது. விளிம்பில் தண்ணீர் மெல்லிசு, ஆகவே காற்றிலுள்ள ஒட்சிசன் அங்கே தாராளமாகக் கிடைக்கும். நடுவில் அது போய்ச் சேர நேரமெடுக்கும். அப்படியானால் இரும்பு எங்கே கரைய வேண்டும்? ஒட்சிசன் அதிகமுள்ள விளிம்பில் என்றுதான் யாரும் நினைப்போம். கரைந்தது நடுவில். காற்றுக் குறைந்த இடம்தான் தின்னப்பட்டது.

எந்தக் காரிலும் முதலில் ஓட்டை விழும் இடங்களை இந்த ஒரு துளியை வைத்தே சொல்லிவிடலாம். கதவின் அடிமடிப்பு, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பொருத்து, காலடிப் பாய்க்குக் கீழுள்ள தளம், சில்லுக்கு மேலுள்ள வளைவின் உள்விளிம்பு. இங்கெல்லாம் ஈரம் புகும், காற்று எளிதில் புகாது. வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும், விரலால் அமத்தினால் பொடிந்துவிடும். கறள் தான் உண்ட இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடத்தைப் பிடிக்கும். அதனால் பொருத்துக்குள் பிடித்த கறள் இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்து, அடுத்த ஈரத்துக்கும் வழிவிடுகிறது.

சோளகம் கொண்டுவருவது

நல்ல தண்ணீரில் இந்தப் பற்றறி மெதுவாகத்தான் வேலை செய்யும். உப்புச் சேர்ந்தால் மின் ஓடப் பாதை திறக்கிறது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று கரைக்குத் தூக்கி வருகிறது. கடலிலிருந்து உள்ளே போகப் போக இது சட்டென்று குறையும். தீவில் உள்ளே போவதற்கு இடமேது?

உப்புக்கு இன்னொரு குணம் உண்டு. அது காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சித் தானே ஈரமாகும். தூய சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கரைந்து நீராகிவிடும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கோ 33 வீதமே போதும். அதனால்தான் சமையலறையில் கறியுப்பு கசிகிறது. காரில் படிந்த உப்புக்கும் அதே கதைதான். மழை இல்லை, பனி இல்லை, நாள் முழுக்க வெயில் எரிக்கிறது என்றாலும், தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது.

வைகாசி முதல் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் தீவகத்தில் மழை அரிது. வந்த உப்பெல்லாம் படிந்தபடி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்து காரின் மேற்பக்கத்தைக் கழுவும். ஆனால் மழை படாத அடிப்பக்கத்திலும் வளைவுக்குள்ளும் வருடக்கணக்கில் உப்பு ஏறிக்கொண்டே போகும். திறந்த வெளியில் நனைந்து காயும் தகட்டைவிட, மறைவில் நனையாமல் இருக்கும் தகடு சில நேரம் கூடுதலாக அரிபடுவது இதனால்தான்.

இப்போது தார்ப்பாய்க்கு வருவோம். இரவில் தகடு குளிர்கிறது. நிலத்திலிருந்து எழும் ஈரம் தார்ப்பாய்க்குள் அடைபட்டு, குளிர்ந்த தகட்டில் வியர்வையாகப் பிடிக்கிறது. காலை வெயிலுக்கு அது காய வேண்டும், காயத் தார்ப்பாய் விடாது. காற்றடிக்கும்போது தார்ப்பாயின் விளிம்பு பெயின்றில் உராய்ந்து உராய்ந்து இரும்பை வெளிக்காட்டும். மழை கழுவியிருக்கக்கூடிய உப்பும் உள்ளேயே இருக்கும். பாதுகாப்பென்று நினைத்துச் செய்த ஒன்று, எவன்ஸின் துளியைக் கார் முழுவதும் பரப்பிவிட்டது.

சரி, கழுவிவிடலாமே என்பீர்கள். எந்தத் தண்ணீரால்? தீவின் மண்ணுக்குக் கீழே, உவர்நீரின் மேல் நன்னீர் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே அது 1 அடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நிற்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியே கண்ட கணக்கு. நீர்மட்டம் அரை அடி இறங்கினால் கீழே 20 அடி நன்னீர் போய்விடும். அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகள் உவராவது இப்படித்தான். வேலணைத் தீவின் சாட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குத் தீவகத்தில் இருக்கும் மதிப்பின் பின்னால் உள்ள விஞ்ஞானமும் இதுவே. உவர்க் கிணற்றுத் தண்ணீரால் காரைக் கழுவினால், தண்ணீர் காய்ந்ததும் உப்பு மிஞ்சும். சோளகம் ஒரு மாதத்தில் செய்வதை வாளித் தண்ணீர் ஒரு காலையில் செய்துவிடும். கூரையில் விழும் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவுவதே தீவில் சரியான வழி.

ஒத்துப்போகாத உலோகங்கள்

விலை உயர்ந்த பழைய கார்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு கப்பலைப் பார்ப்போம். 1761இல் பிரித்தானியக் கடற்படை அலாம் என்ற கப்பலின் மர அடிப்பக்கத்தைச் செப்புத் தகட்டால் மூடியது. செப்பு நன்றாக இருந்தது, அதைப் பிடித்திருந்த இரும்பாணிகள்தான் இல்லாமல் போயின. கடல்நீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால், இலத்திரனை எளிதில் இழப்பது தன்னைக் கொடுத்து மற்றதைக் காக்கும். 1824இல் ஹம்ப்ரி டேவி இந்தக் குறையையே மருந்தாக்கினார். செப்பைக் காக்க வேண்டுமா, அதோடு ஒரு துண்டு இரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்துவிடுங்கள், அது கரையட்டும் என்றார். இன்று இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகள் இருப்பது அந்த வழியில்தான்.

போருக்கு முந்திய ஆடம்பரக் கார்களில் உடல் பெரும்பாலும் அலுமினியத் தகடு, தாங்கிகள் உருக்கு, ஆணிகள் இரும்பு அல்லது பித்தளை. கடலிலிருந்து தள்ளிய ஊரில் 90 வருடம் சண்டையில்லாமல் இருந்த இந்தக் கூட்டு, உப்புக்காற்று படும் ஊரில் சில வருடங்களில் குலைந்துவிடும். உருக்கைத் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கொட்டும். திருத்துகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் மின் கடத்தாத ஒரு நாடாவையோ நல்ல பூச்சையோ வைப்பது இதற்காக.

மினுக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. இன்று பழைய கார் என்றால் குரோம் பளபளக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். குரோம் முலாம் கார்களுக்குப் பரவலாக வந்தது 1920களின் கடைசியில். அதற்கு முன் நிக்கல் முலாமும் 'ஜேர்மன் வெள்ளி' எனப்பட்ட செப்பு–நிக்கல்–துத்தநாகக் கலப்புமே இருந்தன. நிக்கலின் ஒளியில் சிறு மஞ்சள் சாயல் உண்டு, குரோமில் நீலம். 1922இல் செய்த காருக்குக் குரோம் பூசுவது, பாட்டியின் கலியாணப் படத்துக்குக் கைத்தொலைபேசி வரைந்து வைப்பதுபோல.

தச்சன் செய்த உடல்

றோல்ஸ் றொய்ஸ் கம்பனி நீண்ட காலம் முழுக் கார் விற்கவில்லை. சட்டகம், எஞ்சின், சில்லு, முன்னால் கதிர்வீசி, அவ்வளவுதான். வாங்கியவர் அதை ஹூப்பர், பார்க்கர் போன்ற பட்டறைகளுக்குக் கொண்டுபோய்த் தனக்குப் பிடித்த உடலைச் செய்வித்துக்கொள்வார். அந்தப் பட்டறைக்காரர்கள் குதிரைவண்டி செய்த பரம்பரை. ஆஷ் மரத்தில் எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டிப் பொருத்தினார்கள். பல பூச்சுகளும் வார்னிசும் ஒன்று காய்ந்து அடுத்தது என்று பெயின்ற் வேலைக்கே வாரக்கணக்காகும்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது புதினமில்லை. தட்டிவானும் இப்படிப் பிறந்ததுதான். கடல் கடந்து வந்த சட்டகமும் எஞ்சினும் மேலே உள்ளூர்த் தச்சன் மரத்தில் கட்டிய உடலைச் சுமந்தன. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஆட்களையும் மரக்கறி மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றி ஓடிய தட்டிவானும், இலண்டனில் சீமான் ஏறிப்போன காரும் ஒரே முறையில் செய்யப்பட்டவை. ஒன்றுக்குள் பட்டு மெத்தை, மற்றதுக்குள் மரவாங்கு.

மர எலும்புக்கூடு அழிவதும் ஈரத்தால்தான். மரம் ஊறினால் அதற்குள் இருக்கும் இரும்புத் திருகாணி கறள் பிடிக்கும், கறள் பருத்து மரத்தைப் பிளக்கும், பிளவில் இன்னும் தண்ணீர் இறங்கும். எங்கள் ஊரில் கறையானும் கூட்டுச் சேரும். மரவுடல் உள்ள காரைத் திருத்துவதற்கு மெக்கானிக்கைவிட முதலில் நல்ல தச்சன் தேவை.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

பழைய எஞ்சின்களின் பொறுமையை உலகில் வேறெங்கும் பரிசோதிக்காத அளவுக்குப் பரிசோதித்த இடம் யாழ்ப்பாணம். 1990களில் உள்நாட்டுப் போரின்போது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமற் போக, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். வெள்ளைப் புகை தெருவை மூடும். வீட்டில் வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி டைனமோவில் மின் எடுத்த காலமும் அதுதான்.

ஏன் ஓடியது? முதலில் ஆவியாகும் கணக்கு. பெற்றோலின் ஆவி பூச்சியத்துக்கு 40 பாகை கீழேயே தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் துளியாகவே நிற்கும், பொறி பட்டாலும் பற்றாது. உட்செல்லும் குழாய் சூடாகிவிட்டால் ஆவியாகும், பற்றும். சில துளி பெற்றோலின் வேலை அந்தச் சூட்டைக் கொடுப்பதுதான். இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போருக்கு முன்னும் பின்னும் போட்சன், பேர்குசன் உழவு இயந்திரங்களை இதே முறையில் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றினார்கள். அங்கே அதைப் பொறியியலாளர் வகுத்தார்கள். இங்கே அதைக் கராஜ்காரர் தேவையிலிருந்து கண்டுபிடித்தார்கள்.

அடுத்தது அமுக்க விகிதம். சிலிண்டருக்குள் வரும் கலவையை ஆடுதண்டு எத்தனை மடங்கு நெரிக்கிறது என்பது அந்த எண். கூட நெரித்தால் கூடச் சக்தி, ஆனால் எரிபொருள் மட்டமானால் பொறிக்குக் காத்திராமல் தானே வெடித்து எஞ்சினைத் தட்டும். அந்தத் தட்டலைத் தாங்கும் திறனே ஒக்டேன் எண். இன்று இலங்கையில் விற்கும் சாதாரண பெற்றோலுக்கு 92, மண்ணெண்ணெய்க்கு 20 அளவுதான். 1907இன் றோல்ஸ் றொய்ஸ் சில்வர் கோஸ்ற்றின் 7 லீற்றர் எஞ்சின் ஏறத்தாழ 3.2 மடங்குதான் நெரித்தது. ஒஸ்ரின் ஏ-40 நெரித்தது 7.2 மடங்கு. இன்றைய கார்கள் 10ஐத் தாண்டும். ஆகவே சில்வர் கோஸ்ற் மண்ணெண்ணெயைக் கண்டு முகம் சுளித்திருக்காது. ஏ-40 தட்டித் தட்டி, சக்தி குறைந்து, இருந்தும் ஓடியது. இன்றைய கார் முற்றத்தை விட்டே அசையாது.

இதற்கு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் ஆடுதண்டு வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், தண்ணியான ஒயில் தாங்கிகளைத் தேய்க்கும். அந்தக் காலத்தைத் தாண்டி வந்த எஞ்சினைத் திறக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் தாங்கிகள்தான். போருக்கு முந்திய கார்களில் அவை 'வெள்ளை உலோகம்' எனப்படும் வெள்ளீயம், அந்திமனி, செப்புக் கலப்பு. 1839இல் ஐசாக் பாபிற் கண்டது. உருக்கி இருந்த இடத்திலேயே ஊற்றி, கையால் சுரண்டிச் சுரண்டிப் பொருத்த வேண்டும். கடையில் வாங்கிப் போடும் சாமான் அல்ல, கைப்பழக்கம். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு நினைவாக 2015இல் திறந்த கார் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பளபளப்பை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது என்பேன். அதன் பின்னால் இப்படியான கைகள் இருக்கின்றன.

சக்திக் கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1921 முதல் பிரித்தானியாவில் காருக்கு வரி, குதிரைவலு ஒன்றுக்கு ஒரு பவுண். ஆனால் அந்தக் குதிரைவலுவை யாரும் அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் பிரித்தார்கள். 2.2 அங்குல விட்டமும் 4 சிலிண்டரும் உள்ள ஒஸ்ரின் செவனுக்கு 7.7 வரும். பெயரே அதிலிருந்து வந்ததுதான். 4.5 அங்குலமும் 6 சிலிண்டரும் உள்ள சில்வர் கோஸ்ற்றுக்கு 48.6. வரிக்குத் தப்ப விட்டத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினார்கள். அதனால் பிரித்தானிய எஞ்சின்கள் ஒல்லியாக, நீண்ட அசைவோடு, மெதுவாக ஓடினாலும் இழுக்கும் குணத்தோடு பிறந்தன. மணல் ஒழுங்கையில் ஏ-40 திணறாமல் இழுத்ததில் அந்த வரிச்சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 

ஓடுகிற கார் தப்பும்

1907இல் சில்வர் கோஸ்ற்றை றோயல் ஓட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பில் 15,000 மைல் ஓட்டினார்கள். பிறகு கழற்றிப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றிப் புதிதுபோல ஆக்க என்ன செலவாகும் என்று கணக்கிட்டார்கள். 2 பவுண் 2 சிலிங் 7 பென்ஸ். நல்ல எஞ்சினை ஓட்டம் கெடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார்களாக நாள்தோறும் ஓடிய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் ஐம்பது வருடம் கடந்தும் தெருவில் நின்றதற்கு இதுவே காரணம். ஓடும்போது ஒயில் எல்லா இடமும் பூசப்படும், சூடு ஈரத்தைத் துரத்தும், கவனிக்கும் கண் ஒன்றும் பக்கத்தில் இருக்கும்.

இங்கே பலர் செய்யும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். காரை ஓட்டாவிட்டாலும் வாரம் ஒருதரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுவார்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் பிறக்கிறது. எஞ்சின் சூடானால் அது ஆவியாகப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் எஞ்சினும் புகைக்குழாயும் சூடாவதில்லை, தண்ணீர் உள்ளேயே தங்கும். ஒன்றில் அரை மணித்தியாலமாவது தெருவில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடாமல் விடுங்கள்.

கறள் பிடித்துவிட்ட பாகத்துக்கு வைத்தியம் உண்டு. சலவைச் சோடா கரைத்த தொட்டியில் பாகத்தை வைத்து, 12 வோல்ற் மின்னின் மறைமுனையை அதோடும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டோடும் தொடுத்தால், கறள் பிடித்த வழியிலேயே மின்னைத் திருப்பி ஓட்டுகிறோம். கறள் இளகி விழும், அதற்குள் பதுங்கிய குளோரைட்டும் எதிர்த்தகட்டின் பக்கம் இழுபட்டு வெளியேறும். மூன்று எச்சரிக்கைகள்: ஐதரசன் வாயு வரும், ஆகவே திறந்த வெளியில் செய்யுங்கள். எதிர்த்தகடாகக் கறள்பிடியா உருக்கை வைக்காதீர்கள், நச்சுக் குரோமியம் கரையும். வில்லுகளையும் இறுக்கமான போல்ற்றுகளையும் தொட்டியில் போடாதீர்கள், ஐதரசன் புகுந்து அவற்றை முறியப் பண்ணும்.

தொட்டிக்குள் அடங்காத பாகத்துக்கு தனின் அமிலப் பூச்சு. அது கறளோடு சேர்ந்து கறுப்பாக உறையும். கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து முன்னோர் மை செய்தார்களே, அதே தாக்கம்தான். ஆனால் உப்பைக் கழுவாமல் எதைப் பூசினாலும், பூச்சுக்கு அடியில் பற்றறி ஓடிக்கொண்டே இருக்கும். புண்ணைப் பட்டுச் சேலையால் மூடுவதுபோல அதன்மேல் பெயின்ற் அடித்து விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

எங்கே நிறுத்துவது?

1925இல் செய்த ஒரு புகாட்டி பிரெசியா கார், இத்தாலி–சுவிற்சர்லாந்து எல்லையிலுள்ள மஜோரே ஏரியில் பல பத்தாண்டுகள் கிடந்தது. 2009இல் வெளியே எடுத்தார்கள். தகடெல்லாம் அரித்து எலும்பும் தோலுமாக வந்த அந்தக் கார் 2010இல் பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போனது. வாங்கிய கலிபோர்னிய அருங்காட்சியகம் அதைத் திருத்தவில்லை. வந்தபடியே வைத்தது. அது நன்னீர் ஏரி என்பதை மறக்க வேண்டாம். எங்கள் பரவைக்கடலில் கிடந்திருந்தால் ஏலத்துக்குப் போக எதுவும் மிஞ்சியிருக்காது.

எல்லாப் பாகத்தையும் புதிதாக மாற்றிப் பளபளக்க வைத்தால் அது பழைய கார்தானா என்ற கேள்வி இப்போது உலகெங்கும் கேட்கப்படுகிறது. சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம் சொல்வது சுருக்கமாக இது: மூலப் பொருளை முடிந்தவரை காப்பாற்று, மாற்றியதை எழுதி வை, பின்னால் வருபவர் திரும்பக் கழற்றக்கூடியதாகச் செய். மண்ணெண்ணெய்க் காலத்தில் ஒரு கராஜ்காரர் தகரத்தை வெட்டிச் செய்து போட்ட பாகம் உங்கள் காரில் இருந்தால், அதைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒருதரம் யோசியுங்கள். இங்கிலாந்தில் அதே ஏ-40 ஆயிரமாயிரம் செய்தார்கள். அந்தத் தகரத் துண்டு யாழ்ப்பாணத்தில் மட்டும்தான் இருக்கிறது.

திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ ஊருக்கு வரும்போது வளவில் அப்படி ஒரு கார் நின்றால், பழைய இரும்புக்காரரிடம் விலை பேசுவதை ஒரு கிழமை தள்ளிப்போடுங்கள். எஞ்சின் சுற்றாவிட்டால் வேறு வாகனத்தால் கட்டி இழுக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒயில் விட்டு, நாட்கணக்கில் ஊறவிட்டு, கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். நாலு பக்கமும் காற்றோடும் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டு, நிலத்திலிருந்து உயர்த்திக் கற்களில் நிறுத்துங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்குக் காசும் தேவையில்லை: அந்தத் தார்ப்பாயைக் கழற்றிவிடுங்கள்.